ஆவணங்களைச் சோதிக்கும் கட்டளைகள்: வாசகர் கேள்வி–பதில்

மென்பொருளோடு வரும் கையேடுகள், ரீட்மீ கோப்புகள் (முதலில் படிக்க வேண்டிய அறிமுகக் குறிப்புகள்), ஏபிஐ குறிப்புகள் (ஒரு நிரலை மற்ற நிரல்கள் அழைக்கும் முறையின் விளக்கம்) ஆகியவற்றின் தரத்தைக் கட்டளை வரிக் கருவிகளைக் கொண்டு சோதிப்பது பற்றிச் சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை இடம் ஒதுக்கியிருக்கிறோம். பலர் அலுவலக விவரங்களையும் எழுதியிருப்பதால், பெயர்களைத் தவிர்த்துப் பகுதியை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் டெக்னிக்கல் ரைட்டராக இருக்கிறேன். எங்கள் ஆவணங்கள் மார்க்டவுன் (எளிய குறிகளால் வடிவமைக்கும் உரை) கோப்புகளாக, நிரலோடு ஒரே கிட் ரெப்போவில் (மாற்றங்களின் வரலாற்றோடு கோப்புகளைச் சேமிக்கும் களஞ்சியத்தில்) இருக்கின்றன. டெவலப்பர்களும் அவற்றில் எழுதுகிறார்கள். ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் நான் ஒருத்தியே அனைத்தையும் படித்துத் திருத்த வேண்டியிருக்கிறது. ஒரே கட்டளையில் தரத்தைச் சொல்லிவிடும் கருவி உண்டா?
— வாசகி, பெருங்குடி

பதில்: ஒரே கட்டளை எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ஆனால் நான்கு சிறு கருவிகளை அடுத்தடுத்து ஓட்டும் ஒரு ஸ்கிரிப்டை எழுதிக்கொண்டால், நீங்கள் இப்போது கண்ணால் செய்யும் வேலையில் சலிப்பூட்டும் பகுதி பெருமளவு குறைந்துவிடும். எந்த வரிசையில் அவற்றைச் சேர்க்கிறீர்கள் என்பது முக்கியம். பலரும் நடையைத் திருத்தும் கருவியில் தொடங்கி, இணைப்புச் சோதனையைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். என் கருத்தில் அது தலைகீழான வரிசை. வாசகரை வழியில் நிறுத்துவது, சொடுக்கினால் 404 காட்டும் இணைப்பும், நகலெடுத்து ஒட்டினால் ஓடாத கட்டளையும்தான். ஒரு வாக்கியம் செயப்பாட்டு வினையில் அமைந்துவிட்டது என்பதற்காக உதவி மையத்துக்குப் போன் செய்தவர் எவரும் இல்லை.

ஆகவே முதலில் 'லிச்சி'. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட இந்தக் கருவி, மார்க்டவுன், எச்டிஎம்எல் கோப்புகளில் உள்ள இணைப்புகளைத் திரட்டி, ஒரே நேரத்தில் பலவற்றைச் சோதித்துவிடுகிறது. வெளித்தளங்களுக்குப் போகும் இணைப்புகளோடு, ஒரு கோப்பிலிருந்து அதே ரெப்போவில் உள்ள இன்னொரு கோப்புக்குப் போகும் இணைப்புகளையும் அது பார்க்கும். கோப்புகளை டெவலப்பர்கள் இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் உடைவது இந்த இரண்டாம் வகைதான்.

அடுத்தது 'மார்க்டவுன்லின்ட்'. இதற்குப் பொருள் தெரியாது, வடிவம் மட்டுமே தெரியும். ஆனால் அந்த வடிவத்தை நன்றாகத் தெரியும். இதன் விதிகளுக்கு எண்கள் உண்டு. தலைப்பு நிலைகள் ஒன்றைத் தாண்டி இன்னொன்றுக்குத் தாவினால் எம்டி001, நிரல் பகுதிக்கு எந்த மொழி என்று குறிக்காவிட்டால் எம்டி040, படத்துக்கு மாற்று உரை இல்லாவிட்டால் எம்டி045, பக்கத்துக்குள் இல்லாத ஒரு தலைப்புக்கு இணைப்புக் கொடுத்தால் எம்டி051 என்று வரி எண்ணோடு சொல்லும். இவற்றில் மாற்று உரை பற்றிய விதியை எக்காரணம் கொண்டும் அணைக்க வேண்டாம். திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்கு அந்தப் படத்தின் இடத்தில் கிடைப்பது அந்த உரை மட்டுமே. 'ஃபிக்ஸ்' என்ற தெரிவைச் சேர்த்து ஓட்டினால், வெற்று வரி, இடைவெளி போன்ற சில்லறைக் குறைகளைக் கருவியே சரிசெய்துவிடும்.

மூன்றாவது 'கோட்ஸ்பெல்'. முழு அகராதியை வைத்து ஒவ்வொரு சொல்லையும் சோதிக்கும் கருவிகளிலிருந்து இது வேறுபட்டது. ஆங்கிலத்தில் அடிக்கடி நேரும் எழுத்துப் பிழைகளின் பட்டியல் ஒன்று அதனிடம் இருக்கிறது; அந்தப் பட்டியலில் உள்ள பிழை கண்ணில் பட்டால் மட்டுமே அது வாய்திறக்கும். உங்கள் தயாரிப்பின் பெயரையோ, டெவலப்பர் வைத்த மாறியின் பெயரையோ கண்டு அது பெரும்பாலும் கூச்சல் போடாது என்பதால், தொடக்கத்தில் முழு அகராதியைவிட இதுவே பொருத்தம்.

கடைசியாக 'வேல்'. கோ மொழியில் எழுதப்பட்ட இந்தக் கருவிதான் உங்கள் கேள்விக்கு மிக அருகில் வருவது. இதற்குத் தனக்கென்று நடைக் கொள்கை எதுவும் கிடையாது; யாம்ல் எனப்படும் எளிய அமைப்புக் கோப்புகளில் நீங்கள் எழுதும் விதிகளே அதன் அறிவு. ஒரு சொல் வரக்கூடாது, இந்தச் சொல்லுக்குப் பதில் அந்தச் சொல், தலைப்பில் பெரிய எழுத்து எப்படி வர வேண்டும், ஒரு வாக்கியத்தில் இத்தனை சொற்களுக்கு மேல் கூடாது என்று பலவகை விதிகளை எழுதலாம். மார்க்டவுன், ஆஸ்கிடாக், ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் ஆகிய வடிவங்களின் அமைப்பை அது புரிந்துகொள்வதால், நிரல் பகுதிக்குள் இருக்கும் சொற்களை விட்டுவிட்டு உரையை மட்டும் சோதிக்கும். கூகுள், மைக்ரோசாஃப்ட் நிறுவனங்களின் நடைக் கையேடுகளை விதிகளாக மாற்றிய தொகுப்புகளும் கிடைக்கின்றன. 'சிங்க்' என்ற துணைக்கட்டளை அவற்றை இறக்கித் தரும். அவற்றை அப்படியே முழுதாகச் சேர்ப்பது எளிது. அப்படிச் சேர்த்தபின் என்ன நேரும் என்பதற்கு அடுத்த கேள்வியைப் படியுங்கள். நீங்கள் திருத்தும்போது மீண்டும் மீண்டும் ஒரே கருத்தைத்தான் எழுதிக்கொண்டிருப்பீர்கள்: தயாரிப்பின் பெயரை இப்படி எழுதாதீர்கள், 'வெறுமனே', 'சுலபமாக' என்று சொல்லி வாசகரைச் சிறுமைப்படுத்தாதீர்கள் என்பன போல. அந்த நான்கைந்தை முதலில் விதியாக்குங்கள்.

கேள்வி: வேல், மார்க்டவுன்லின்ட் இரண்டையும் எங்கள் சிஐ பைப்லைனில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் ஏற்பாட்டில்) சேர்த்தோம். முதல் நாளே திரை கொள்ளாத அளவுக்கு எச்சரிக்கைகள். இப்போது யாரும் அவற்றைப் பார்ப்பதில்லை; சோதனை தோற்றுச் சிவப்பு வந்தாலும் மாற்றத்தை மெர்ஜ் செய்து, அதாவது முதன்மை நிரலோடு இணைத்துவிடுகிறார்கள். கருவிகளையே எடுத்துவிடலாமா?
— வாசகர், வேளச்சேரி

பதில்: எடுக்க வேண்டாம். எல்லா விதிகளையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாக மீண்டும் இயக்குங்கள்.

வேல் கருவியில் ஒவ்வொரு விதிக்கும் பரிந்துரை, எச்சரிக்கை, பிழை என்று மூன்று நிலைகளில் ஒன்று உண்டு. பிழை நிலையில் ஏதேனும் சிக்கினால்தான் கட்டளை தோல்விக் குறியீட்டோடு முடியும். மற்ற இரண்டும் திரையில் தோன்றுமே தவிரப் பைப்லைனை நிறுத்தாது. அமைப்புக் கோப்பில் குறைந்தபட்ச நிலை என்று ஒன்று இருக்கிறது. இப்போதைக்கு அதைப் பிழை என்று வைத்து, பிழை நிலையில் எவராலும் மறுக்க முடியாத விதிகளை மட்டும் விட்டுவையுங்கள். மார்க்டவுன்லின்ட்டில் எம்டி013 விதி, ஒரு வரி 80 எழுத்துகளைத் தாண்டினால் குறை சொல்லும். அட்டவணையும் நீளமான இணைப்பும் உள்ள ஆவணங்களில் அதைப் பின்பற்ற முயல்வது வீண்வேலை, தயங்காமல் அணைத்துவிடுங்கள்.

எழுத்துப்பிழை விதியில் வரும் கூச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் நம் ஊர்ச் சொற்கள்தான். அமெரிக்க ஆங்கில அகராதிக்குச் சோழிங்கநல்லூரும் தெரியாது, சிப்காட்டும் தெரியாது. 'லட்சம்', 'கோடி' என்று எண்களை எழுதினாலும் புரியாது. வேல் கருவியில் ஏற்கத்தக்க சொற்களுக்கென்று தனியாக ஒரு கோப்பு வைக்கலாம். அதில் சேர்த்த சொல்லைப் பிழையென்று சொல்லாமல் விடுவதோடு, அந்தச் சொல்லைப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாற்றி எழுதியிருந்தால் அதையும் அது சுட்டிக்காட்டும். ஆகவே தயாரிப்புப் பெயர்களை அங்கே சேர்ப்பதில் இரட்டைப் பயன் இருக்கிறது.

பழைய கோப்புகளில் குவிந்து கிடப்பவற்றை ஒரே நாளில் தீர்க்க நினைக்காதீர்கள். 'ப்ரீ-கமிட்' என்ற கருவி, கமிட் செய்யப்படும் (அதாவது ரெப்போவில் பதியப்படும்) கோப்புகளை மட்டும் சோதிக்கும். 'ரிவ்யூடாக்' அதைவிட ஒருபடி நுட்பமாக, புல் ரெக்வெஸ்டில் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கோரும் விண்ணப்பத்தில்) மாறிய வரிகளில் வரும் எச்சரிக்கைகளை மட்டும் வடிகட்டி, அந்த வரியின் கீழேயே கருத்தாக இடும். தான் தொடாத வரிக்காகத் தன்னைக் கேள்வி கேட்டால் எந்த டெவலப்பருக்கும் எரிச்சல் வரும். தான் இப்போது எழுதிய வரியென்றால் திருத்திவிட்டுப் போய்விடுவார். இன்னொரு நடைமுறையையும் குழுவில் எழுதி வைக்கலாம்: புதிய விதியைச் சேர்க்க விரும்புகிறவர், ஏற்கெனவே உள்ள கோப்புகளில் அந்த விதி காட்டும் குறைகளைத் தாமே திருத்திய பிறகுதான் சேர்க்க வேண்டும். ஆசையாகச் சேர்க்கப்படும் விதிகளின் எண்ணிக்கை உடனே குறைந்துவிடும்.

கேள்வி: வாகன உதிரிபாகங்களுக்கான எம்பெடட் மென்பொருளை சி மொழியில் எழுதுகிறோம். நிரலில் எழுதிய கருத்துரைகளிலிருந்து ஆவணம் தயாரிக்கும் டாக்ஸிஜன் கருவியை ஓட்டினால் ஓர் எச்சரிக்கைகூட வருவதில்லை. ஆனால் பாதி ஃபங்ஷன்களுக்கு விளக்கமே எழுதப்படவில்லை என்பது எங்களுக்கே தெரியும். கருவியில் கோளாறா?
— வாசகர், அம்பத்தூர்

பதில்: உங்கள் அமைப்புக் கோப்பில் 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' என்ற தெரிவு 'யெஸ்' என்று இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான் காரணம். விளக்கம் இல்லாதவற்றையும் சேர்த்து எல்லாவற்றுக்கும் பக்கம் தயாரிக்கச் சொல்லும் தெரிவு அது. அதை இயக்கினால், விளக்கம் இல்லை என்று எச்சரிக்கும் தெரிவை டாக்ஸிஜன் தானாகவே அணைத்துவிடும். அதை 'நோ' என்று மாற்றினால் உண்மை நிலவரம் தெரியவரும்.

கூடவே இரண்டு தெரிவுகளைக் கவனியுங்கள். ஃபங்ஷனுக்கு விளக்கம் இருந்தும் அதன் பாராமீட்டர்களுக்கோ (உள்ளே கொடுக்கும் மதிப்புகளுக்கோ) திருப்பித் தரும் மதிப்புக்கோ விளக்கம் இல்லாதபோது எச்சரிப்பதற்கு 'வார்ன் நோ பாராம்டாக்'. இது இயல்பாக அணைந்தே இருக்கும். எச்சரிக்கையைப் பிழையாகக் கருதச் சொல்லும் 'வார்ன் ஆஸ் எரர்' தெரிவில் 'யெஸ்' என்று வைத்தால், முதல் எச்சரிக்கையிலேயே ஓட்டம் நின்றுவிடும். 'ஃபெயில் ஆன் வார்னிங்ஸ்' என்று வைத்தால் எல்லாவற்றையும் காட்டிவிட்டு இறுதியில் தோல்வி என்று அறிவிக்கும். சிஐ பைப்லைனுக்கு இரண்டாவதே வசதி. பழைய பதிப்புகளில் அந்த வாய்ப்பு இல்லாததால், உங்கள் டாக்ஸிஜன் எந்தப் பதிப்பு என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். என் பேரன் கறுப்புத் திரையில் கட்டளை தட்டிப் பிழை திருத்துகிறான். வேர்டில் எழுதினால் சிவப்புக் கோடு தானே வருகிறதே, இதற்கு எதற்கு இவ்வளவு பாடு?
— வாசகர், தியாகராய நகர்

பதில்: ஐயா, வேர்டில் வரும் சிவப்புக் கோடு, எழுதுகிறவர் ஒருவரின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது, அவர் அதைப் பொருட்படுத்தாமல் சேமித்துவிட்டால் கேட்பாரில்லை. கட்டளையாக இருந்தால் பலர் சேர்ந்து எழுதும் ஆவணத்தை ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஆள் இல்லாமலே சோதிக்கலாம், குறை இருந்தால் ஏற்க மறுக்கலாம். மேலும் இது உங்கள் பேரன் காலத்துப் புதுமை அன்று. 1970களின் இறுதியிலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லொரிண்டா செரி முதலானோர் 'ஸ்டைல்', 'டிக்ஷன்' என்ற கட்டளைகளை உருவாக்கி, 'ரைட்டர்ஸ் வொர்க்பெஞ்ச்' என்ற தொகுப்பாக யூனிக்ஸ் பயனர்களுக்குத் தந்தார்கள். அதே பெயர்களில் க்னூ அமைப்பின் பதிப்புகள் இன்றும் லினக்ஸில் நிறுவக் கிடைக்கின்றன. பேரனிடம் கேட்டுப் பாருங்கள், நிறுவிக் காட்டுவார்.

கேள்வி: பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். புராஜெக்டுக்காகப் பைத்தானில் ஒரு லைப்ரரி எழுதினேன். ரீட்மீயில் கொடுத்திருந்த எடுத்துக்காட்டு, ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றிய பிறகு ஓடவில்லை. ரிவ்யூவில் ஆசிரியர் அதைத்தான் முதலில் ஓட்டிப் பார்த்தார். இதைத் தடுக்க வழி உண்டா?
— வாசகி, குரோம்பேட்டை

பதில்: உங்கள் ஆசிரியர் செய்ததைத்தான் ஒவ்வொரு பயனரும் செய்வார், அவர் சொல்லிவிட்டார், மற்றவர்கள் சொல்லாமல் வேறு லைப்ரரிக்குப் போய்விடுவார்கள். எடுத்துக்காட்டுகளை ஓட்டிப் பார்க்கும் சோதனையை ஆவணச் சோதனைகளிலேயே மிகவும் மதிப்புள்ளதாக நான் கருதுகிறேன். அதற்குக் காசு செலவழிக்கவோ புதிதாக எதையும் நிறுவவோ வேண்டியதில்லை.

பைத்தானோடு 'டாக்டெஸ்ட்' என்ற மாட்யூல் வருகிறது. 2001இல் வெளியான 2.1 பதிப்பிலிருந்தே அது உண்டு. பைத்தான் ஷெல்லில் தோன்றும் மூன்று 'பெரிது' குறிகளோடு தொடங்கும் வரிகளை அது ஆவணத்தில் தேடி எடுத்து, அவற்றை உண்மையிலேயே ஓட்டி, கிடைத்த விடையை அடுத்த வரியில் நீங்கள் எழுதியிருக்கும் விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. பைத்தான் நிரல் கோப்பாக இல்லாத எதைக் கொடுத்தாலும் அதைச் சாதாரண உரையாக எடுத்துக்கொள்வதால், ரீட்மீ கோப்பின் பெயரையே கட்டளையில் கொடுக்கலாம்.

மார்க்டவுனில் எழுதுகிறவர்கள் வழக்கமாக இடறும் இடம் ஒன்று இருக்கிறது. எதிர்பார்க்கும் விடை எங்கே முடிகிறது என்பதை டாக்டெஸ்ட், வெற்று வரியையோ அடுத்த 'பெரிது' குறிகளையோ வைத்தே அறிகிறது. விடைக்கு மறு வரியிலேயே நிரல் பகுதியை மூடும் மூன்று பின்சாய்வு மேற்கோள் குறிகளை இட்டால், அந்தக் குறிகளும் விடையின் பகுதி என்று நினைத்து, எல்லாம் சரியாக இருந்தும் தோல்வி என்று சொல்லும். மூடுவதற்கு முன் ஒரு வெற்று வரி விடுங்கள், சிக்கல் தீர்ந்துவிடும். அதேபோல் 'செட்' வகையின் உறுப்புகள், நினைவக முகவரி, இன்றைய தேதி போல ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறக்கூடியவற்றை விடையாக எழுத வேண்டாம். தவிர்க்க முடியாதபோது 'எலிப்சிஸ்' தெரிவை இயக்கி, மாறும் பகுதிக்கு மூன்று புள்ளிகள் இடலாம்.

ஸ்பிங்க்ஸ் என்ற ஆவணத் தயாரிப்புக் கருவியைப் பயன்படுத்தி ஆவணத் தளம் உருவாக்குகிறீர்கள் என்றால், அதற்குள்ளேயே டாக்டெஸ்ட் பில்டரும், இணைப்புகளைச் சோதிக்கும் லிங்க்செக் பில்டரும் இருக்கின்றன. நாளை ரஸ்ட் மொழிக்குப் போனால், ஆவணக் கருத்துரையில் எழுதிய எடுத்துக்காட்டுகளைக் 'கார்கோ டெஸ்ட்' கட்டளையே ஓட்டிவிடும். கோ மொழியில் எடுத்துக்காட்டு என்பதே ஒரு சோதனை ஃபங்ஷன். 'அவுட்புட்' என்ற கருத்துரையின் கீழ் எழுதிய விடை பொருந்தாவிட்டால் சோதனை தோற்கும்.

நிறுவும் முறையைச் சொல்லும் ஷெல் கட்டளைகளுக்கு இப்படி ஆயத்தமான வழி இல்லை. அவற்றை ரீட்மீயில் நேரடியாக எழுதாமல் தனி ஸ்கிரிப்ட் கோப்பாக வைத்து, அந்தக் கோப்பைச் சிஐயில் ஒரு வெற்று இயந்திரத்தில் ஓட்டி, அதே கோப்பின் வரிகளை ஆவணத்துக்குள் இழுத்துக் காட்டுவதே நான் அறிந்தவற்றில் நம்பகமான வழி. ஸ்பிங்க்ஸில் 'லிட்டரல்இன்க்ளூட்' என்ற கட்டளை இதற்காகவே இருக்கிறது.

கேள்வி: எங்கள் குழுவின் டாக்ஸ்டிரிங் கவரேஜ் (நிரலுக்குள்ளேயே விளக்கம் எழுதப்பட்ட ஃபங்ஷன் முதலானவற்றின் விகிதம்) 80 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்று இலக்கு வைக்கப்போகிறேன். சரியான அளவுகோல்தானா?
— டீம் லீட், தரமணி

பதில்: பைத்தானுக்கான 'இன்டராகேட்' கருவியில் இயல்பாகவே வரும் எல்லை 80, நீங்கள் அந்த எண்ணை அங்கிருந்து எடுத்திருக்கலாம். அந்தக் கருவி எண்ணுவது டாக்ஸ்டிரிங் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே. பயனரைப் பெறும் ஃபங்ஷனின் கீழே 'பயனரைப் பெறும்' என்று ஒரு வரி எழுதினாலும் அது ஒன்று என்றே கணக்கில் சேரும். இலக்கை அப்ரைசலோடு இணைத்தால் அத்தகைய வரிகள்தான் பெருகும். ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால் குறை கண்ணில் பட்டிருக்கும், இப்போது அதுவும் மறைந்துவிடும்.

எண் வேண்டுமென்றால் அதை இலக்காக வைக்காமல், குறையக் கூடாது என்ற நிபந்தனையாக வையுங்கள். வெளியார் அழைக்கும் ஃபங்ஷன்களை மட்டும் கணக்கிட, உள்ளுக்குள் பயன்படும் பிரைவேட் ஃபங்ஷன்களையும் பைத்தான் தானாக அழைக்கும் மேஜிக் மெத்தடுகளையும் விலக்கும் தெரிவுகள் இன்டராகேட்டில் உண்டு. அடுத்ததாக, இருப்பதை எண்ணுவதோடு நிற்காமல் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் விதிகளுக்கு வாருங்கள். 'ரஃப்' கருவியில் டி என்ற எழுத்தில் தொடங்கும் விதிகள் டாக்ஸ்டிரிங்குக்கானவை. அவற்றில் டி417, ஃபங்ஷனில் உள்ள ஒரு பாராமீட்டர் விளக்கத்தில் விடுபட்டிருந்தால் சொல்லும். முன்பு பலர் பயன்படுத்திய 'பைடாக்ஸ்டைல்' இப்போது பராமரிக்கப்படுவதில்லை. அதைச் செய்தவர்களே ரஃப் பக்கம் கைகாட்டிவிட்டார்கள்.

கேள்வி: வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆவணங்களைக் கையாள்கிறோம். எந்த வரியும் வெளி சர்வருக்குப் போகக் கூடாது என்பது ஒப்பந்தம். இந்தக் கருவிகளைப் பயன்படுத்தலாமா?
— வாசகர், சிறுசேரி

பதில்: வேல், மார்க்டவுன்லின்ட், கோட்ஸ்பெல் மூன்றும் உங்கள் கணினியிலேயே இயங்குபவை; உரையை எங்கும் அனுப்புவதில்லை. வேல் கருவியின் 'சிங்க்' துணைக்கட்டளை விதிகளை இறக்குவதற்கு மட்டும் இணையத்தைத் தொடும். ஒருமுறை இறக்கியவற்றை ரெப்போவிலேயே வைத்துக்கொண்டால் அதுவும் தேவையில்லை. இலக்கணம் பார்க்கும் 'லாங்குவேஜ்டூல்' உலாவி நீட்சியாக நிறுவப்பட்டால் உரையை வெளி சர்வருக்கு அனுப்பும். வேண்டுமென்றால் அதன் சர்வரை உங்கள் அலுவலகத்துக்குள்ளேயே ஜாவா கொண்டு இயக்கலாம்.

பலரும் கவனிக்கத் தவறுவது இணைப்புச் சோதனையைத்தான். ஆவணத்தின் உரை வெளியே போகாவிட்டாலும், அதிலுள்ள ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு கோரிக்கை போகிறது. வாடிக்கையாளரின் உள் சர்வர் பெயரோ டோக்கன் எனப்படும் அனுமதிக் குறியீடோ அந்த முகவரியில் இருந்தால், அதுவும் சேர்ந்து போகும். லிச்சியில் 'ஆஃப்லைன்' தெரிவை இயக்கினால் உள்ளூர்க் கோப்புகளுக்கான இணைப்புகளை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடும். உங்கள் ஒப்பந்தத்துக்கு அதுவே பாதுகாப்பு.

கேள்வி: ஆவணத்தின் வாசிப்பு எளிமைக்கு மதிப்பெண் தரும் கட்டளைகள் இருக்கின்றனவே, அவற்றை நம்பலாமா?
— வாசகி, அடையாறு

பதில்: அவை பெரும்பாலும் ருடால்ஃப் ஃபிளெஷ் 1948இல் வெளியிட்ட சூத்திரத்தையோ, அதிலிருந்து 1975இல் அமெரிக்கக் கடற்படைக்காகக் கின்கெய்ட் குழுவினர் உருவாக்கிய வடிவத்தையோ பயன்படுத்துகின்றன. இரண்டுமே பார்ப்பது ஒரு வாக்கியத்தில் சராசரியாக எத்தனை சொற்கள், ஒரு சொல்லில் எத்தனை அசைகள் என்ற இரண்டை மட்டும்தான். வாக்கியங்களின் வரிசையைக் கலைத்துப் போட்டாலும் மதிப்பெண் மாறாது என்பதிலிருந்தே அதன் எல்லை புரியும். 'அத்தென்டிகேஷன்' போன்ற நீண்ட கலைச்சொல்லை விட்டுவிட்டு எழுத முடியாத ஆவணத்தில் அந்த எண்ணுக்கு இன்னும் பொருள் குறைவு. ஒரே ஆவணத்தின் இரு பதிப்புகளை ஒப்பிடும்போது மதிப்பெண் சட்டென்று சரிந்திருந்தால், எந்தப் பத்தி என்று போய்ப் பார்க்கலாம்; அதற்குமேல் வேண்டாம்.

கேள்வி: கட்டற்ற மென்பொருள்களின் கையேடுகளைத் தமிழில் எழுதும் சிறு குழு நாங்கள். இந்தக் கருவிகள் எல்லாம் ஆங்கிலத்துக்கு மட்டும்தானா?
— வாசகர், தாம்பரம்

பதில்: இணைப்பு, தலைப்பு அமைப்பு, எடுத்துக்காட்டுச் சோதனை ஆகியவற்றுக்கு மொழி ஒரு பொருட்டில்லை, அப்படியே பயன்படுத்தலாம். உரையைத் தொடும் கருவிகளில்தான் நாமே உழைக்க வேண்டும். ஆனால் அந்த உழைப்புக்குக் கிடைக்கும் பலன், ஆங்கிலத்தில் கிடைப்பதைவிட அதிகம் என்றே சொல்வேன்.

முதலில் எழுத்துருக்குறி. 'கொ' என்பதை ககரத்தோடு ஒரே உயிர்க்குறியாலும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. யூனிகோடும் இரண்டையும் சமமென்றே வகுத்திருக்கிறது. ஆனால் சாதாரணத் தேடல் கட்டளை பைட்டுகளை ஒப்பிடுவதால், ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. ஆகவே எந்தச் சோதனைக்கும் முன்பு கோப்புகளை, பிரிந்த குறிகளைச் சேர்த்து ஒரே முறையில் வைக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஐசியூ என்ற யூனிகோடு நிரல் தொகுப்போடு வரும் 'யுகான்வ்' கட்டளை அதைச் செய்யும்.

அடுத்தது உருவ ஒற்றுமைப் பிழைகள். 'எ' எழுத்துக்குப் பதில் ஏழைக் குறிக்கும் தமிழ் எண்ணான '௭', 'க' எழுத்துக்குப் பதில் ஒன்றைக் குறிக்கும் '௧', 'கௌரவம்' என்பதற்குப் பதில் ஒற்றைக் கொம்பும் 'ள' எழுத்தும் சேர்த்து எழுதிய 'கெளரவம்' ஆகியவை கண்ணுக்குத் தப்பிவிடும். தமிழ் எழுத்தை ஒட்டி வரும் தமிழ் எண்ணைப் பிடிக்க ஒரே ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் (உரையில் தேட வேண்டிய வடிவத்தைச் சொல்லும் சூத்திரம்) போதும். மூன்றாவதில் கவனம் தேவை. கொம்பும் ளகரமும் சேர்ந்த இடமெல்லாம் பிழையென்று மாற்றச் சொன்னால், 'தெளிவு' சிதைந்துவிடும். கெளுத்தி மீனும் தப்பாது. ளகரத்தை அடுத்து வேறு எந்தக் குறியும் புள்ளியும் வராத இடங்களை மட்டும் காட்டச் சொன்னால் பொய்யெச்சரிக்கை பெரும்பாலும் ஒழிந்துவிடும்.

ஒற்றுப் பிழைகளிலும் ஓரளவு செய்யலாம். அந்த, இந்த, எந்த என்ற சொற்களை அடுத்து இடைவெளி விட்டுக் க, ச, த, ப வரிசை எழுத்து வந்தால் ஒற்று விடுபட்டிருக்கிறது என்று பொருள். இதை விதியாக எழுதுவது மிக எளிது, தவறவும் தவறாது, பிறமொழிப் பெயர்களைத் தவிர. இரண்டாம் வேற்றுமைக்குப் பின் வரும் ஒற்றையும் இப்படியே பிடிக்கலாமே என்று தோன்றும். ஐகாரத்தில் முடிவதெல்லாம் வேற்றுமை உருபு ஆகாது. 'முறை', 'இல்லை' போன்றவையெல்லாம் வந்து சிக்கும். அந்த விதியைப் பரிந்துரை நிலைக்கு மேல் உயர்த்த வேண்டாம்.

கலைச்சொல் ஒருமை உங்கள் குழுவுக்கு மிகவும் தேவைப்படும். ஒருவர் 'கோப்பு' என்றும் இன்னொருவர் 'ஃபைல்' என்றும், ஒருவர் 'கணினி' என்றும் இன்னொருவர் 'கணனி' என்றும் எழுதுவதை வேல் கருவியின் மாற்றீட்டு விதியால் கட்டுப்படுத்தலாம். வேற்றுமை உருபு ஒட்டும்போது சொல்லின் ஈறு மாறும் என்பதால், முழுச்சொல்லை எழுதாமல் மாறாத பகுதியை மட்டும் விதியில் எழுதுங்கள். சொல்லின் இரு பக்கமும் எல்லை இருக்க வேண்டும் என்று இயல்பாக எதிர்பார்க்கும் அந்தக் கருவியிடம், 'நான்வேர்ட்' என்ற தெரிவை இயக்கி அதை விட்டுவிடச் சொல்ல வேண்டும்.

சொந்தமாகப் பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதுகிறீர்களானால் ஓர் எச்சரிக்கை. அதன் 're' எனப்படும் இயல்பான மாட்யூலை — தமிழில் 'ஆர்இ' — வைத்துச் சொற்களைப் பிரித்தால், உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அது சொல்லின் பகுதியாகக் கருதுவதில்லை. 'தமிழ்' என்ற சொல் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாகும். தனியாக நிறுவ வேண்டிய 'ரெஜெக்ஸ்' மாட்யூலில் இந்தக் குறை இல்லை. நீளத்தை அளக்கும்போதும் இதே கவனம் வேண்டும்: 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, யூனிகோடுக்கு ஐந்து குறி, யுடிஎஃப்-8 வடிவில் 15 பைட். எழுத்தை எழுத்தாகவே எண்ண 'ஓப்பன்-தமிழ்' லைப்ரரியில் ஃபங்ஷன் உண்டு.

முழு அகராதிச் சோதனைக்கு ஹன்ஸ்பெல் என்ற எழுத்துப்பிழைத் திருத்தியின் வடிவில் தமிழ் அகராதி கிடைக்கிறது. வேல் கருவியும் அதே வடிவத்தை ஏற்கும். ஆனால் சொல்லோடு சொல்லும் உருபும் சேர்ந்து நீளும் மொழியில் அகராதி தரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை சரியான சொற்களாகவே இருக்கும். வெளியீட்டுக்கு முன் ஒருவர் உட்கார்ந்து பார்க்க அது உதவும். பைப்லைனை நிறுத்தும் சோதனையாக வைக்க உதவாது.

கேள்வி: இணைப்புச் சோதனை ஒரு நாள் பச்சை, ஒரு நாள் சிவப்பு. உலாவியில் திறந்தால் எல்லாம் சரியாகவே வருகிறது. என்ன செய்வது?
— வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: அறிக்கையில் 429 என்று இருந்தால், அதே தளத்துக்கு மிக வேகமாகப் பல கோரிக்கைகள் அனுப்பியிருக்கிறீர்கள் என்று பொருள்; 403 என்றால் அந்தத் தளம் தானியங்கிக் கருவிகளைத் தடுக்கக்கூடும். லிச்சியில் ஒரே நேரத்தில் அனுப்பும் கோரிக்கைகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், 'கேஷ்' தெரிவை இயக்கி முன்பு சரியாக இருந்தவற்றை மீண்டும் கேட்காமல் விடலாம், பிடிவாதமான தளங்களைப் புறக்கணிப்புக் கோப்பில் சேர்க்கலாம். அதைவிட முக்கியமாக, சோதனையை இரண்டாகப் பிரியுங்கள். உள் இணைப்புகள் உடைந்தால் அது உங்கள் குழுவின் பிழை என்பதால், ஒவ்வொரு புல் ரெக்வெஸ்டிலும் ஆஃப்லைன் தெரிவோடு சோதித்து மெர்ஜைத் தடுக்கலாம். வெளி இணைப்புகளை வாரம் ஒருமுறை இரவில் தனியாக ஓட்டி, உடைந்தவற்றின் பட்டியலை ஆவணப் பொறுப்பாளருக்கு அனுப்பினால் போதும். யாரோ ஒருவருடைய சர்வர் தூங்கிவிட்டதற்காக உங்கள் டெவலப்பரின் மாற்றம் காத்திருக்க வேண்டியதில்லை.